பாப்பச்சனின் புதுக் கணக்கு எண்

என்னைத் தாண்டிக் கையை நீட்டி இழுக்க வேண்டாம், கண்ணு. அந்த ஜன்னல் திறக்காது.

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? இந்தப் பஸ்ஸுக்குக் கூண்டு, அதாவது பாடி, கட்டியதே எங்கள் பட்டறையில்தான். கதவுக்கு மேலே தகடு அடித்திருக்கும், இறங்கும்போது பாருங்கள். அந்த வருடம் கட்டிய ஆறு வண்டியிலும் இந்த மூன்றாவது ஜன்னல் இப்படித்தான். சட்டத்தை ஒரு நூல் அளவு இறுக்கி வைத்துவிட்டார்கள். நான் கூண்டு கட்டுகிறவள் இல்லை. கணக்குப் பார்க்கிறவள். இருபத்தேழு வருடமாக அதே நாற்காலி. ஆறு ஜன்னலுக்கும் மாற்றுச் சட்டம் வாங்கிய பில் என் கையில்தான் வந்தது. வாங்கினார்கள், மாட்டவில்லை. அது வேறு கதை.

ஈரோடு வரைக்குமா? அதற்கப்புறம் திருச்செங்கோடா. நல்லது. கரூரில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லையே? சும்மாதான் கேட்டேன்.

கழுத்தில் அட்டை மாட்டியிருக்கிறீர்கள், ஆபீஸ் வேலைதான். பில்லுக்குப் பணம் அனுப்புவது உங்கள் கையிலா? அப்படியென்றால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஈமெயிலில் ஒரு பில் வந்து, 'இந்த முறை வேறு கணக்கில் போடுங்கள்' என்று இருந்தால், கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். ஆறு லட்சத்து எண்பத்து மூவாயிரம்.

இருபத்தேழு வருடத்தில் ஒரு பைசா தவறாதவள் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸுக்குத் தளம் போடுவது பிளைவுட் பலகையில். நீங்கள் கால் வைத்திருக்கிறீர்களே, அந்த விரிப்புக்குக் கீழே இருப்பது அதுதான். அது எங்களுக்குப் பெரும்பாவூரிலிருந்து வரும். பாப்பச்சன் என்று ஒருவர் அனுப்புகிறார். பதினெட்டு வருடப் பழக்கம். என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் நான் அவருக்குச் சேச்சி, அக்கா. லோடு வந்தால் ஒரு மாதம் கழித்துப் பணம். அதற்குள் நாங்கள் போட்டுவிடுவோம். மறந்தால் அவர் எட்டாம் தேதி போன் செய்வார். பணம் என்ற சொல்லை எடுக்கவே மாட்டார். "சேச்சிக்கு சுகம்தன்னே?" என்று நலம் மட்டும் விசாரிப்பார். அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிடும். அன்று சாயங்காலத்துக்குள் பணம் போய்விடும். மரியாதை தெரிந்த மனிதர்.

நாங்கள் அவரைப் போனில் கூப்பிட மாட்டோம். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு மற்றது புரியாது.

எங்கள் முதலாளி சென்னியப்பன். அவருடைய அப்பா காலத்தில் ஒருமுறை பட்டறை படுத்துவிட்டது. சரக்குக் கொடுத்தவர்களுக்கெல்லாம் பெரியவர் ஒவ்வொருவராகப் போன் போட்டு, இன்னும் ஒரு மாதம் தவணை கொடுங்கள் என்று கேட்டாராம். அது ஊருக்கே தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் எண்ணிலிருந்து ஒரு சரக்குக்காரருக்குப் போன் போனால், பணம் இல்லை, தவணை கேட்கிறார்கள் என்று அர்த்தம். முதலாளி பொறுப்புக்கு வந்ததும் என்னிடம் சொன்ன முதல் விஷயமே அதுதான். பில் விஷயமாக இங்கிருந்து ஒரு போன்கூடப் போகக் கூடாது. நானும் ஒரு போன் செய்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு வண்டி வெளியே போக வேண்டும், பட்டறையில் நிற்க இடமில்லை. மத்தியானம் பாப்பச்சன் பெயரில் மெயில் வந்தது. பில் அதிலேயே இருந்தது. முந்நூற்றுப் பத்துப் பலகை. லாரி எண் சரி. ஜிஎஸ்டி எண் சரி. தொகை சரி. எல்லாம் நான் வாங்கிய சரக்கின் கணக்கு, ஒன்றுகூடப் பிசகில்லை. கீழே மட்டும் இரண்டு வரி. எங்கள் பழைய வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தப் பில்லை மட்டும் கீழே உள்ள கணக்கில் இன்றைக்கே செலுத்தவும்.

நான் சும்மா அனுப்பிவிடவில்லை, கண்ணு. அப்படி நினைத்துவிடாதீர்கள். நான் கேட்டேன். அந்த மெயிலுக்கே பதில் போட்டேன். கணக்கு எண் மாறியிருக்கிறதே, சரிதானா என்று. நான்கே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. 'மதிப்பிற்குரிய மேடம், எண் சரியானதே. தங்கள் கவனமான பணிக்கு நன்றி.'

அதைத் திரும்பப் படித்தேன். மதிப்பிற்குரிய மேடம். பதினெட்டு வருடமாகச் சேச்சி என்று கூப்பிட்ட மனிதர் மேடம் என்று எழுதுகிறாரே என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கவனமான பணி. இருபத்தேழு வருடத்தில் யாரும் எனக்கு அப்படி ஒரு வரி எழுதியதில்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். யாரோ பாப்பச்சனின் மெயிலுக்குள் புகுந்து இரண்டு மாதமாக உட்கார்ந்து படித்திருக்கிறான். எங்களுக்குள் என்ன போகிறது, எப்போது போகிறது, எல்லாம். எனக்கு வந்த மெயிலில் மேலே தெரிந்த பெயர் பாப்பச்சன்தான். பெயரைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே சம்பந்தமே இல்லாத வேறு முகவரி. நான் தொட்டுப் பார்க்கவில்லை. பெயரை யார் தொட்டுப் பார்ப்பார்கள்? சரியா என்று நான் கேட்டதே திருடனிடம்தான். அவன் சரி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வான்?

புதுக் கணக்கில் பணம் போட முதலாளி போனுக்கு ஓடிபி வரும். அவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், ஆறு எண்ணையும் சொன்னார், வைத்துவிட்டார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை என் மேல். தங்கமான மனிதர்.

எட்டாம் தேதி பாப்பச்சன் போன் செய்தார். "சேச்சிக்கு சுகம்தன்னே?"

பணம் வந்ததற்கு நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். சுகம் என்று சொன்னேன். உங்களுக்கு என்று கேட்டேன். அவரும் சுகம் என்றார். வைத்துவிட்டார்.

இருபத்திரண்டாம் தேதி மறுபடியும். சுகம்தன்னே? சுகம். வீட்டில் எல்லாருக்கும்? எல்லாருக்கும் சுகம். போனை வைக்கவில்லை. மழை உண்டோ என்றார். இல்லை என்றேன்.

பிறகு லோடு வரவில்லை. இரண்டு வண்டி தளம் இல்லாமல் நின்றது. நவம்பர் நான்காம் தேதி காலையில் பாப்பச்சனே பஸ் ஏறிக் கரூருக்கு வந்துவிட்டார். கையில் ஒரு டப்பா நேந்திரங்காய் வறுவல். பணம் கேட்க வந்த மனிதர் வறுவல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான் வங்கிச் சீட்டை எடுத்து, இதோ பாருங்கள், மூன்றாம் தேதியே போட்டாயிற்று என்று நீட்டினேன். கொஞ்சம் கோபமாகத்தான் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எண்ணை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தார்.

"இது என் கணக்கு இல்லை சேச்சி."

நான் மெயிலைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை போனில் விளிச்சேன். ரெண்டு தடவையும் சுகம்னு சொன்னீங்க. அதுக்கு மேல ஞான் எப்படிக் கேட்கும்?"

கேட்டிருக்கலாம் இல்லையா? எட்டாம் தேதியே, பணம் வரவில்லை என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் அவர் மேல் தப்புச் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருக்கலாம்.

வங்கிக்குப் போய் விசாரித்தேன். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரி, பொறுமையாகச் சொன்னாள். பணம் போனது தெரிந்த உடனே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது என்ற எண்ணைக் கூப்பிட வேண்டுமாம். ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்களாம். ஒரு மாதம் ஆகிவிட்டதே அம்மா, இனிக் கஷ்டம், ஆனாலும் கூப்பிட்டுப் புகார் கொடுத்து வையுங்கள் என்றாள்.

முதலாளி வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் ஒரு சத்தம் போடவில்லை, கண்ணு. என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உட்காரச் சொன்னார். இருபத்தேழு வருடத்தில் அவர் எதிரே நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். "ஏனுங்க அம்மணி, வீட்டுல ஒருத்தர் தடுக்கி விழுந்தா ஊரைக் கூட்டியா சொல்வோம்?" என்றார். போலீஸுக்குப் போனால் ஊருக்குத் தெரியும், சென்னியப்பன் பட்டறையில் பணம் இல்லாமல் கதை கட்டுகிறார்கள் என்பார்கள், அப்பா காலத்துக் கதை திரும்ப வரும். பாப்பச்சனுக்கு அன்றே பணம் போட்டுவிட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வேறு யாராயிருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். அவர் அனுப்பவில்லை. ஒரு தாளில் எழுதினார். மாதம் ஒன்பதாயிரம் என் சம்பளத்தில் பிடிப்பது, தொகை முடியும் வரை நான் வேலையை விடுவதில்லை, பட்டறையிலோ ஊரிலோ யாரிடமும் இதைப் பேசுவதில்லை. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுபத்தாறு மாதம். கடைசி மாதம் மட்டும் எட்டாயிரம். அதை அவர் கணக்குப் போடவில்லை, நான்தான் போட்டுச் சொன்னேன். ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. எழுபத்தொன்று இருக்கிறது. அது முடியும்போது எனக்கு அறுபது வயது.

இந்தச் சித்திரையில் நான் வேலையை விடுவதாக இருந்தது. என் மகள் சிந்துஜா ஓசூரில் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள். எனக்கென்று ஒரு அறை உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுத்து, கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டாள். அவள் அப்பா போன பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தமாக நாற்பது நாள் இருக்காது. இப்போது வாரம் ஒருமுறை போன் செய்து, எப்போதம்மா வருகிறாய் என்று கேட்கிறாள். நான் இல்லாமல் பட்டறை நடக்காது, முதலாளி விட மாட்டேன் என்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லையே அது. விட மாட்டேன் என்கிறார்தானே?

போன வாரம் கேட்டாள். "அந்தக் கட்டில்ல நான் துணி காயப்போடட்டுமா, இல்ல நீ வர்றியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

சொல்லாமல் இருக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவள் உங்களிடம் சொல்கிறேனே என்று நினைக்கிறீர்கள். தாளில் பட்டறை, ஊர் என்றுதான் இருக்கிறது. நீங்கள் திருச்செங்கோடு. அதுவும் இல்லாமல் இன்றோடு எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன்.

ஆமாம். பணம் கிடைத்துவிட்டது. கிடைக்கப்போகிறது.

பதினோரு நாள் முன்னால் எனக்கு மெயில் வந்தது. என் சொந்த மெயிலுக்கு இல்லை, ஆபீஸ் மெயிலுக்கு, என் பெயர் போட்டு. மத்திய இணையக் குற்றப் பண மீட்புப் பிரிவு என்று. சிங்கத் தலை முத்திரை எல்லாம் இருக்கிறது. அந்தத் திருடனைப் பிடித்துவிட்டார்கள். அவன் கணக்கில் இருந்த பணத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டுத் திருப்பித் தருகிறார்கள். என் பெயருக்கு நேரே ஆறு லட்சத்து எண்பத்து மூவாயிரம். தேதி, அக்டோபர் மூன்று. மத்தியானம் இரண்டு இருபத்தாறு என்று நேரம்கூட இருக்கிறது.

நானே முதலில் சந்தேகப்பட்டேன். சூடு பட்டவள் இல்லையா? ஆனால் யோசித்துப் பாருங்கள். பட்டறையில் எனக்கும் முதலாளிக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் போலீஸிலேயே சொல்லவில்லை. அப்படியிருக்கும்போது தொகையும் தேதியும் நிமிடமும் சரியாகத் தெரிகிறது என்றால், திருடனைப் பிடித்தவர்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

என்ன?

முழுக்கக் கேளுங்கள்.

பணத்தை விடுவிக்கச் சரிபார்ப்புக் கட்டணம் கட்ட வேண்டும். ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு. கட்டிய இருபத்துநான்கு மணி நேரத்தில் முழுப் பணமும் வந்துவிடும், கட்டணமும் சேர்ந்தே வந்துவிடும். இன்று நான்கு மணி கடைசி. அதற்கப்புறம் உரிமை கோராத பணம் என்று அரசாங்கக் கணக்குக்குப் போய்விடுமாம்.

அதற்குத்தான் ஈரோடு. இந்தப் பையில் நான்கு வளையல் இருக்கிறது. சிந்துஜா லாக்கரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். கரூரில் அடகு வைத்தால் கடைக்காரர் முதல் வளையலை உரசுவதற்குள் முதலாளிக்குத் தெரிந்துவிடும். ஈரோட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே ஒரு கடை. பத்து நிமிடத்தில் பணம் என்று பலகை வைத்திருக்கிறான். பணத்தைக் கணக்கிலேயே போட்டுவிடுவான். அங்கேயே நின்றபடி போனில் அனுப்பிவிடலாம். நாளைக்குப் பணம் வரும். வளையலை மீட்டு, முதலாளி மேசையில் தொகையை வைத்து, அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு ஓசூர் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

இதோ, போனில் இருக்கிறது. நீங்களே படித்துப் பாருங்கள். நான் சும்மா சொல்லவில்லை.

பொறுமையாகப் படியுங்கள். இன்னும் நேரம் இருக்கிறது.

கூப்பிட்டுப் பேசினேனா என்றா கேட்கிறீர்கள்?

எப்படிக் கூப்பிடுவது? எண் இல்லையே. அதில் போட்டிருக்கிறது பாருங்கள், மூன்றாவது பத்தி. விசாரணை ரகசியம், தொலைபேசியில் பேச இயலாது, இந்த மெயிலிலேயே கேட்கவும் என்று. கேட்டேன். உடனே பதில் போட்டார்கள். இன்னும் கீழே தள்ளுங்கள். 'மதிப்பிற்குரிய மேடம்.' அதுதான். அதற்கடுத்த வரி.

ஏன் அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதைக் கூப்பிட்டு, இப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று கேட்கக் கூடாது என்கிறீர்கள். கேட்கலாம். கேட்டால் பெயர் கேட்பார்கள். கம்பெனி பெயர் கேட்பார்கள். புகார் கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். நான் கற்பூரத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவள், கண்ணு. எங்கள் ஆபீஸிலிருந்து போன் போகாது.

போனைக் கொடுங்கள்.

நீங்கள் சின்ன வயது. உங்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும், வர வேண்டியதுதான். நான்தானே உங்களுக்கு இதையெல்லாம் சொன்னேன்? புதுக் கணக்கு, இன்றைக்கே, போன் வேண்டாம். நான்தானே சொன்னேன்? எனக்குத் தெரியாதா? அது பில். இது பில் இல்லை. அது பணம் கேட்டு வந்தது. இது பணம் கொடுக்க வந்தது.

கட்டணம் கேட்டுத்தான் வந்தது. ஆனால் கொடுப்பதற்காகக் கேட்பது.

ஆற்றுப் பாலம் தாண்டியாயிற்றே. தாண்டியதே தெரியவில்லை.

இங்கே பாருங்கள், இது பொய்யாக இருந்தால் எனக்கு எழுபத்தொரு மாதம் அப்படியே இருக்கிறது. புரிகிறதா? திங்கட்கிழமை அதே நாற்காலி, அதே முதலாளி, கட்டிலில் துணி காயப்போடட்டுமா என்று கேட்கிற அதே பெண். இது நிஜமாக இருந்தால் ஒரு நாள்தான் பாக்கி. அதனால் இது நிஜமாக இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. மணி மூன்று நாற்பது. எதிரே பாருங்கள், மஞ்சள் பலகை. அதுதான் கடை.

எல்லாரும் இறங்குகிறார்கள். நீங்கள் எழுந்தால்தான் நான் வெளியே வர முடியும். உங்கள் திருச்செங்கோடு வண்டி அந்தப் பக்கம் நிற்கும். எழுந்திருங்கள்.

எழுந்திருங்கள், கண்ணு.

இந்த வண்டி இங்கே இருபது நிமிடம் நிற்கும். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து, நான்கு மணிக்குத் திரும்பக் கரூருக்கு எடுப்பார். வந்த வழியிலேயே. எனக்குத் தெரியும், இந்த வண்டியின் நேரமெல்லாம் எனக்குத் தெரியும்.

திருச்செங்கோட்டுக்கு அடுத்த வண்டியும் உண்டு இல்லையா? பத்து நிமிடத்துக்கு ஒன்று உண்டு.

அப்படியென்றால் ஒன்று செய்யுங்கள். எழுந்திருக்காதீர்கள். உங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருங்கள். என் பக்கத்து ஜன்னல் திறக்காது. உங்களைத் தாண்டி என்னால் வர முடியாது. நான் எழுந்திருங்கள் என்று சொன்னாலும் எழுந்திருக்காதீர்கள், கோபப்பட்டாலும் எழுந்திருக்காதீர்கள். இருபது நிமிடம்தான், நான்கு மணிக் கெடு தாண்டிவிடும்.

கண்டக்டர் வந்து, ஏனக்கா, இறங்கலையா, வண்டியிலேயே குடித்தனமா என்று கேட்பான். எனக்குக் கால் மரத்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.